சத்தம் போடாத கடனை முதலில் கவனியுங்கள்

கடன் முற்றிய வீட்டில் கைக்கு வரும் பணம், யார் அதிகம் கத்துகிறாரோ அவருக்குத்தான் முதலில் போகிறது. காலையில் போன் செய்து திட்டியவருக்கு ஐயாயிரம், வாசலில் வந்து நின்றவருக்கு மூவாயிரம் என்று பத்தாம் தேதிக்குள் சம்பளம் கரைந்துவிடும். திருப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுவது என் வேலை. நொடித்துப்போன சிறு தொழில்களின் கணக்குகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று புரிந்தது. உரக்கக் கத்துபவரின் கையில் பெரும்பாலும் எந்த அடமானமும் இருக்காது. அதனால்தான் அவர் கத்துகிறார். நகையை ஏலம் விடப்போகும் வங்கியும் வீட்டை எடுக்கப்போகும் வங்கியும் குரலை உயர்த்துவதே இல்லை. பதிவுத் தபாலில் ஒரு காகிதம் அனுப்பிவிட்டு நாளை எண்ணுவார்கள். எங்கள் வீட்டில் கடன் கழுத்தை நெரித்தபோது இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நானும் என் கணவரும் கரையேறினோம். இப்போது அந்த நெருக்கடியில் இருப்பவர்களுக்கு உதவும் என்று விவரமாக எழுதுகிறேன்.

என் கணவர் பவர் டேபிள் யூனிட், அதாவது பனியன் தைத்துக் கொடுக்கும் சிறு தையல் கூடம் நடத்தினார். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து ஒரு டஜன் தையல் மெஷின். பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். 2020 ஊரடங்கில் முதல் அடி விழுந்தது. 2021, 2022 ஆண்டுகளில் நூல் விலை ஏறியபோது கம்பெனிகள் ஆர்டரைக் குறைத்தன, பில் பணத்தை மாதக்கணக்கில் இழுத்தன. ஆனால் தொழிலாளிகளுக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். அந்தச் சனிக்கிழமைகளுக்காக வாங்கியவைதான் எங்கள் கடன்களில் பாதி. 2023 தீபாவளியோடு யூனிட்டை மூடினோம். அவர் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்குச் சேர்ந்தார். இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 41,000 ரூபாய். மொத்தக் கடன் 34 லட்சத்துக்குச் சற்று மேல்.

யூனிட்டை மூடிய வாரத்தில் ஒரு நீள நோட்டில் எல்லாக் கடனையும் எழுதினோம். பெயர், பாக்கித் தொகை, வட்டி என்பதோடு இன்னும் மூன்று கட்டங்கள் போட்டேன். கட்டாவிட்டால் இவரால் என்ன எடுக்க முடியும்? எவ்வளவு நாளில்? அடி யார் மேல் விழும்? இந்த மூன்று கேள்விகள்தான் முக்கியம். எழுதி முடித்துப் பார்த்தால், தினமும் எங்களைத் தூங்கவிடாமல் செய்த மூன்று பேருக்கும் 'என்ன எடுக்க முடியும்' என்ற கட்டத்தில் 'நீதிமன்றத்துக்குப் போகாமல் ஒன்றும் எடுக்க முடியாது' என்று எழுத வேண்டியிருந்தது. ஒரு நிதி நிறுவனத்தின் தனிநபர் கடன் 3,10,000, ஒரு வங்கியின் தனிநபர் கடன் 2,20,000, கிரெடிட் கார்டு 1,40,000 ஆகிய மூன்றும்தான் அவை. ஒரு வார்த்தைகூடப் பேசாத வீட்டுக் கடன் 18 லட்சமும் நகைக் கடன் நாலரை லட்சமும் நோட்டில் முதல் இடத்துக்கு வந்தன.

வீட்டுக் கடனில் இரண்டு தவணை தவறியிருந்தது. தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக் கடன். அதன்பிறகு 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின் கீழ் வங்கி 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்பலாம். நீதிமன்றத்துக்குப் போகாமலே வீட்டின் மீது கை வைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. அந்த நோட்டீஸுக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்பினால் வங்கி 15 நாளில் பதில் தர வேண்டும். சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுத்துவிட்டால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். எங்கள் பகுதிக்கு அது கோவையில் இருக்கிறது. அந்த நிலைவரை போகவிடக் கூடாது என்று முடிவு செய்தோம். 90 நாள் ஆவதற்கு முன்பே கிளை மேலாளரிடம் போய், சம்பளச் சீட்டுகளைக் காட்டி, தவணைக் காலத்தை நீட்டிக்கக் கேட்டோம். பத்து ஆண்டு பாக்கி பதினெட்டு ஆண்டானது. மாதத் தவணை 22,800 ரூபாயிலிருந்து 16,850 ரூபாயாக இறங்கியது. மொத்தத்தில் ஒன்பது லட்சம் ரூபாய் வட்டி கூடுதலாகப் போகும் என்று தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டோம். கையில் பணம் சேரும்போது அசலில் கட்டிக் காலத்தைக் குறைத்துக்கொள்ளலாம்; தனிநபருக்குக் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டும் அபராதம் கிடையாது. வாராக் கடன் ஆன பிறகு போய்க் கேட்பதற்கும் அதற்கு முன் கேட்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. முன்பு போனால் மேலாளர் நாற்காலி கொடுத்துப் பேசுவார்.

மெஷின்களை விற்றதில் 2,60,000 கிடைத்தது. அதில் முதலில் தண்டலை முடித்தோம். தண்டல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பத்தாயிரம் என்று எழுதி 8,500 ரூபாய் கையில் தருவார்கள். தினம் நூறு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். பார்வைக்குச் சிறிய தொகைதான். நாளுக்கு நாள் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு வட்டி நூறு விழுக்காட்டைத் தாண்டிவிடும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலிருந்தே அதீத வட்டி வசூலுக்குத் தடைச் சட்டம் இருக்கிறது. தினவட்டி, மணிநேர வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி எல்லாம் அதில் வரும், மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. 2025இல் கட்டாய வசூலுக்கு எதிராகத் தனியாக ஒரு சட்டமும் வந்தது. மிரட்டல் வந்தால் மாவட்ட ஆட்சியரிடமும் காவல் கண்காணிப்பாளரிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள். 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமையால் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே எரிந்துபோனதை இந்த மாநிலம் மறக்கக் கூடாது. எங்களிடம் தண்டல் கொடுத்தவர் மிரட்டவில்லை. அந்த வட்டிதான் எங்களால் தாங்க முடியாததாக இருந்தது.

அடுத்தது தையல் நூல் கடை. பாக்கி 1,10,000, அதற்குத் தேதி போடாத காசோலைகளை என் கணவர் கொடுத்திருந்தார். காசோலை விஷயத்தில் யாரும் அசட்டையாக இருக்க வேண்டாம். திரும்பிய காசோலைக்கு வக்கீல் நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள்தான் அவகாசம். அதற்குள் பணம் கொடுக்காவிட்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் வழக்கு. இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது காசோலைத் தொகையைப்போல் இரண்டு மடங்குவரை அபராதம், அல்லது இரண்டும். கடன் பாக்கிக்காக யாரையும் நேரடியாகச் சிறையில் போட முடியாது என்பது உண்மைதான், ஆனால் காசோலை அந்த வாசலைத் திறந்துவிடும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணை திரும்பினாலும் 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா முறைகள் சட்டத்தில் இதேபோன்ற பிரிவு இருக்கிறது. என் கணவர் கடைக்கே போய், "அண்ணா, முழுப் பணமும் கொண்டுவந்திருக்கிறேன், வட்டியை மட்டும் விட்டுக் கொடுங்கள்" என்று கேட்டார். கடைக்காரர் ஒப்புக்கொண்டார். பணத்தை எண்ணிக் கொடுத்த அதே மேசையில் எல்லாக் காசோலைகளையும் எண் பார்த்துத் திரும்ப வாங்கினோம். 'அப்புறம் தருகிறேன்' என்ற பேச்சுக்கு இதில் இடமே கொடுக்கக் கூடாது.

பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று வாங்கும் குழுக்கடன் 70,000 என் பெயரில் இருந்தது. இங்கே நோட்டின் மூன்றாவது கேள்வி வேலை செய்தது: அடி யார் மேல் விழும்? என்னோடு கையெழுத்துப் போட்ட பெண்கள் மேல். அவர்களில் இருவர் செக்கிங் வேலைக்குப் போகிறவர்கள், ஒருவர் இட்லிக் கடை நடத்துகிறார். என் தவணைக்காக அவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். விதிகள் எங்கள் பக்கம் இருந்தன. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிகளின்படி காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது, பெயரை வெளியிட்டு அவமானப்படுத்தக் கூடாது, குறித்த இடத்தில்தான் வசூலிக்க வேண்டும். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடனே கொடுக்கக் கூடாது. இவ்வளவு விதி இருந்தும் அந்தக் கடனை ஒரு தவணை தவறாமல் கட்டி முடித்தேன். என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்களை விதிப் புத்தகத்தைக் காட்டிச் சமாளிக்க எனக்கு மனம் வரவில்லை.

நகைக்கு வருகிறேன். நகைக் கடனுக்கு 9 விழுக்காடு வட்டி என்றால் நாலரை லட்சத்துக்கு மாதம் 3,375 ரூபாய். மீட்பதற்கு வழியே தெரியாத நகைக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பதைப் பெரும்பாலான வீடுகள் கௌரவம் என்று நினைக்கின்றன. என் மாமியார் நகை, என் திருமண நகை என்று அதில் மனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது எனக்கும் புரியும். ஆனால் ஏலத்தில் போகும் நகைக்குக் கிடைக்கும் விலையும், நாமே கடைக்குக் கொண்டுபோய் விற்கும் விலையும் ஒன்றாக இருக்காது. ஏலத்தில் கடன் போக மிச்சம் இருந்தால் அதை நமக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி என்றாலும், அந்த நிலைக்கு விட வேண்டியதில்லை. 2024 மார்ச் கடைசியில் பவுன் விலை ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. எங்கள் நகை இரண்டு அடகுச் சீட்டாக இருந்தது வசதியாகப் போயிற்று. சின்னச் சீட்டை மெஷின் விற்ற மிச்சப் பணத்தில் மீட்டு, அந்த நகையை விற்று, அதோடு வேறு பணமும் சேர்த்துப் பெரிய சீட்டை மீட்டோம். பதினான்கு பவுனில் பத்துப் பவுன் போயிற்று. நான்கு பவுன் வீட்டுக்கு வந்தது, மாத வட்டி நின்றது. நகையை ஒரே சீட்டாக வைக்காமல் பிரித்து வையுங்கள். மீட்கும்போதும் விற்கும்போதும் அது கைகொடுக்கும்.

அந்த 'வேறு பணம்' எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு வர வேண்டிய பில் பாக்கி ஒரு கம்பெனியில் 1,60,000 நின்றது. யூனிட்டுக்கு உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு இருந்தது. குறு, சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் தந்துவிட வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் சட்டம். 2023-24 நிதியாண்டு முதல், அப்படிக் கெடு தாண்டிய தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வரிச்சலுகை பெற முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் புதிய உட்பிரிவும் சேர்ந்தது. உத்யம் சான்றின் நகலை இணைத்து, இந்த இரண்டு சட்டத்தையும் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதத்தை நான் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு அனுப்பினேன். பல மாதம் 'அடுத்த வாரம்' என்று சொன்னவர்கள் மார்ச் 31க்குள் பணம் போட்டார்கள். கடனில் இருக்கும்போது நாம் தர வேண்டியதை மட்டுமே எண்ணிக்கொண்டிருப்போம். நமக்கு வர வேண்டியதையும் அதே நோட்டில் அடுத்த பக்கத்தில் எழுத வேண்டும்.

இனி அந்தக் கத்தும் மூவர். குடும்பச் செலவு, வீட்டுத் தவணை, குழுத் தவணை போக எங்கள் கையில் மாதம் மிஞ்சியது சில ஆயிரம். மூன்று கடனுக்கும் கேட்டதோ 25,000. ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தால் ஒன்றும் தீராது. கார்டு கணக்கை மட்டும் பாருங்கள். 1,40,000 பாக்கிக்கு மாதம் மூன்றரை விழுக்காடு வட்டி 4,900; அதற்கு ஜிஎஸ்டி 882. குறைந்தபட்சத் தொகை என்று கேட்கும் 7,000 ரூபாயைக் கட்டினால் அசலில் கழிவது 1,200 ரூபாய்தான். அதனால் மூவருக்கும் ஒரே மாதிரி கடிதம் எழுதினோம். தொழில் மூடிவிட்டது, வருமானம் இவ்வளவு, அத்தியாவசியச் செலவு இவ்வளவு, இப்போது தவணை கட்ட இயலாது, கடனை மறுக்கவில்லை, ஒரே தவணையிலோ சில தவணையிலோ தீர்த்துக்கொள்ள விரும்புகிறோம் என்று ஒரு பக்கம். மின்னஞ்சலிலும் அனுப்பினோம், பதிவுத் தபாலிலும் அனுப்பினோம். பின்னால் எல்லா இடத்திலும் எங்களுக்குத் துணை நின்றது அந்தக் கடிதம்.

கடிதம் போன கையோடு இன்னொரு வேலையும் செய்தோம். என் ஆடிட்டரிடமும், என் கணவரின் கம்பெனி மேனேஜரிடமும், நெருங்கிய உறவினர் சிலரிடமும் நாங்களே போய், "எங்களுக்குக் கடன் இருக்கிறது, தீர்த்துக்கொண்டிருக்கிறோம், யாராவது உங்களுக்குப் போன் செய்தால் எங்களிடம் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டோம். சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் வசூல் ஏஜெண்டின் கையில் இருக்கும் பெரிய ஆயுதமே ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற நம் பயம்தான். நாங்களே சொன்ன பிறகு அவர்களிடம் அது இல்லாமல் போயிற்று. எதிர்பார்த்தபடியே அலுவலகத்துக்குப் போன் வந்தது. ஆடிட்டர் சார், "அந்த அம்மா சொல்லியிருக்கிறார், எழுத்தில் அனுப்புங்கள்" என்று வைத்துவிட்டார்.

"இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் போலீஸ் வரும் மேடம்" என்பது தினசரி வசனம். தனிநபர் கடன் பாக்கி உரிமையியல் விவகாரம். அதை வசூலிப்பது போலீஸின் வேலை இல்லை. நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்த பிறகும் சம்பளத்தை முழுதாகப் பிடிக்க முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவின்படி முதல் ஆயிரம் ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக் கூடாதவை. என் சம்பளம் 19,000 என்றால் அதிகபட்சம் 6,000தான் பிடிக்கலாம், அதுவும் தீர்ப்புக்குப் பிறகு. வருங்கால வைப்பு நிதியில் கை வைக்க முடியாது. பணத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக ஒரு பெண்ணைக் கைது செய்யவே முடியாது. 56ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. கையில் இல்லாத காரணத்தால் மட்டும் கட்ட முடியாதவரைச் சிறையில் வைக்கக் கூடாது என்று 1980இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இந்த விவரங்களை ஒரு தாளில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தோம். பயம் வரும்போது வாசிக்க வேண்டியது அதைத்தான்.

ஒருநாள் இரவு ஏழரை மணிக்கு அந்த நிதி நிறுவனத்தின் கடனுக்காக இருவர் பைக்கில் வந்தார்கள். கேட்டுக்கு வெளியே நின்று அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தார்கள். மாமியார் நடுங்கிப்போய் உள்ளே போய்விட்டார். நான் போனில் பதிவை ஓடவிட்டுக் கையில் பிடித்தபடி வெளியே வந்து, "உள்ளே வந்து உட்காருங்கள். அடையாள அட்டையையும் நிறுவனம் கொடுத்த அங்கீகாரக் கடிதத்தையும் காட்டுங்கள்" என்றேன். ஒருவர் கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பிக் காட்டினார். அதில் இருந்தது வேறு ஒரு ஏஜென்சியின் பெயர். செல்லுபடியாகும் தேதியும் முடிந்திருந்தது. கடிதம் இல்லை. "அக்கா, எங்களுக்கு டார்கெட், இரண்டாயிரமாவது போடுங்கள்" என்று அவர் குரல் இறங்கியது. அவர் சொந்த ஜிபே எண்ணுக்குப் போடச் சொன்னார். மறுத்துவிட்டேன். கடன் கணக்கு எண்ணுக்கோ நிறுவனத்தின் அதிகாரபூர்வ இணைப்புக்கோ தவிர வேறு எங்கும் ஒரு ரூபாயும் போடக் கூடாது. ஏஜெண்ட் பையில் போன பணம் கணக்கில் வராமல் போன கதைகளை எங்கள் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன்.

அன்று இரவே தேதி, நேரம், வண்டி எண், பேசிய பேச்சு எல்லாவற்றையும் எழுதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பினேன். 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லியிருக்கிறது: காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது, பொது இடத்தில் அவமானப்படுத்தக் கூடாது, ஏஜெண்ட் செய்வதற்கு நிறுவனமே பொறுப்பு. முப்பது நாளாகியும் பதில் வராததால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரின் இணையதளத்தில் புகார் பதிந்தேன். 2021 நவம்பரிலிருந்து வங்கிகளுக்கும் பெரும்பாலான நிதி நிறுவனங்களுக்கும் ஒரே திட்டம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். அதன்பிறகு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து மரியாதையாக ஒருவர் பேசினார். வாசலுக்கு யாரும் வரவில்லை. தீர்வுப் பேச்சும் அங்கிருந்துதான் தொடங்கியது.

பேரத்தில் அவசரம் கூடாது. நிறுவனம் அபராதம், கட்டணம் எல்லாம் சேர்த்து 4,20,000 என்று கணக்குக் காட்டியது. முதலில் கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்கினேன். 2023 ஆகஸ்டில் வந்த விதிப்படி தவணை தவறியதற்கு அபராத வட்டி என்று வட்டி விகிதத்தில் ஏற்றக் கூடாது. அபராதக் கட்டணம் மட்டும் வாங்கலாம், அதையும் அசலில் சேர்த்து வட்டி போடக் கூடாது. அதைச் சுட்டிக்காட்டியதும் ஒரு பகுதி குறைந்தது. எங்கள் தரப்பில் கையிலிருக்கும் தொகைக்குக் கீழேதான் பேச்சைத் தொடங்கினோம். நிதியாண்டின் காலாண்டு முடிவு நெருங்க நெருங்க எதிர்ப்பக்கம் இறங்கி வந்தது. கடைசியில் 1,90,000, மூன்று தவணை. பணம் கட்டுவதற்கு முன்பு நிறுவனத்தின் கடிதத் தாளில், கடன் எண், தொகை, தேதிகள், இத்தொகையுடன் கடன் முழுமையாகத் தீர்கிறது என்ற வாசகம், கையொப்பம் எல்லாம் கேட்டு வாங்கினோம். வாட்ஸ்அப் செய்தியை நம்பி யாரும் பணம் போட வேண்டாம். கட்டி முடித்ததும் நிலுவையில்லாச் சான்று. கார்டும் இதே வழியில் 70,000 ரூபாய்க்கு முடிந்தது.

வங்கியின் தனிநபர் கடன் மக்கள் நீதிமன்றத்துக்கு வந்தது. லோக் அதாலத் நோட்டீஸ் வந்தால் வழக்கு வந்துவிட்டது என்று பலர் பயந்து போகாமல் இருந்துவிடுகிறார்கள். அது சமரசத்துக்கான அழைப்பு. கட்டாயம் போங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் வரிசையாக மேசைகள். எங்கள் மேசையில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், ஒரு வழக்கறிஞர், எதிரே வங்கி அதிகாரி. வங்கி 2,10,000 என்று தொடங்கியது. நான் எங்கள் வரவு செலவுத் தாளையும் முன்பு அனுப்பிய கடிதத்தையும் வைத்தேன். நீதிபதி இரண்டையும் நிதானமாகப் படித்துவிட்டு வங்கி அதிகாரியைப் பார்த்து, "இவர்கள் மறைக்கவில்லையே" என்றார். 1,30,000, ஐந்து தவணை என்று முடிவானது. கையெழுத்துக்கு முன்பு என்னிடம், "மாதம் உங்களால் எவ்வளவு முடியும் என்று மறுபடி யோசித்துச் சொல்லுங்கள் அம்மா. இதற்கு மேல்முறையீடு கிடையாது" என்றார். அது சரியான எச்சரிக்கை. அங்கே போடும் கையெழுத்து உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். தவணை தவறினால் வங்கி நேராக, தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் மனுவுக்குப் போகலாம். இலவச சட்ட உதவி தேவைப்பட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அதே வளாகத்தில்தான் இருக்கும். தொலைபேசி எண் 15100.

நாங்கள் யோசித்து விட்டுவிட்ட வழிகளும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே கடனாக்கித் தருகிறோம் என்றவர்கள் வீட்டின் மேல் இரண்டாவது அடமானம் கேட்டார்கள். எதையும் எடுக்க முடியாத கடனை வீட்டையே எடுக்கக்கூடிய கடனாக மாற்றும் ஏற்பாடு அது. நல்ல வேலையும் நல்ல கடன் மதிப்பெண்ணும் இருக்கும்போது குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொள்வது சரி. நொடித்த பிறகு அது குழியை ஆழமாக்கும். செல்போன் செயலிக் கடன் பக்கம் போகவே இல்லை. மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு வங்கியோடு பேசித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்களும் வேண்டாம் என்று விட்டோம். அவர்களுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு தவணை கழிந்துவிடும். ஐ.பி. கொடுப்பது, அதாவது மஞ்சள் நோட்டீஸ், 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சார்பு நீதிமன்றத்தில் போடும் நொடிப்பு மனு. சொத்தே இல்லாமல் கடன் மட்டும் மலையாக இருப்பவருக்கு அது நியாயமான வழி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் சொத்து நீதிமன்றத்தின் பொறுப்புக்குப் போய்விடும், இரண்டு ஆண்டுக்குள் உறவினர் பெயருக்கு மாற்றியதையும் ரத்து செய்ய முடியும், அடமானக் கடனை அது தடுக்காது. எங்களுக்கு வீடு இருந்ததால் பொருந்தவில்லை.

தீர்வு முடித்துக்கொண்டதற்கு விலையும் உண்டு. நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் போன்ற கடன் அறிக்கையில் 'முடிந்தது' என்று வராமல் 'சமரசத்தில் தீர்ந்தது' என்று வரும். பல ஆண்டு நிற்கும். வங்கிக் கடன் சுலபமாகக் கிடைக்காது. அதை ஏற்றுக்கொண்டுதான் இறங்கினோம். நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக அறிக்கை தர வேண்டும். கட்டி முடித்த சில வாரங்களில் அதை எடுத்துப் பாருங்கள். எங்கள் கார்டு கணக்கு தீர்ந்த பிறகும் பாக்கி என்றே காட்டியது. நிலுவையில்லாச் சான்றை இணைத்து எழுதித் திருத்த வேண்டியிருந்தது. மூன்று ஆண்டு காலவரம்பு தாண்டினால் வழக்குப் போட முடியாது என்று பேசுபவர்கள் இருக்கிறார்கள். அது உண்மை, ஆனால் அதற்குள் எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டாலோ கையெழுத்துடன் ஒரு பகுதி கட்டினாலோ மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். அதை நம்பி ஒளிந்து வாழ்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பணத்தைவிட முக்கியமான ஒன்று. அந்த மாதங்களில் என் கணவர் இரவில் தூங்காமல் உட்கார்ந்திருப்பார். "நான் இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் பணம் வருமே" என்று ஒருநாள் சொன்னார். அந்த வார்த்தையை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப்போனேன். உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் பேசினால் கடனை அப்படியே போட்டுவிட்டு அவரைக் கவனியுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும் 104 என்ற எண்ணிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம். இந்த நோட்டில் எழுதிய எந்தத் தொகைக்கும் ஓர் உயிர் ஈடாகாது.

இப்போது மிச்சமிருப்பது வீட்டுக் கடனும், என் தாய்மாமா கொடுத்த மூன்று லட்சமும். மாமா ஒருமுறைகூடக் கேட்டதில்லை, எழுதியும் வாங்கவில்லை. கேட்காதவர் என்பதாலேயே அவரைக் கடைசியில் தள்ளிவிடக் கூடாது என்று, கார்டு கணக்கு முடிந்த மாதத்திலேயே நாங்களாக ஒரு புரோநோட்டு எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மாதம் நாலாயிரம் தருகிறோம். போகும்போதெல்லாம் புரோநோட்டின் பின்புறத்தில் வரவு எழுதி என் கணவர் கையெழுத்துப் போடுவார். "இதெல்லாம் எதற்குக் கண்ணு" என்பார் மாமா. அவருக்கு இரண்டு மகன்கள் இருக்கிறார்கள்; இன்றைக்கு அவர் நினைவில் இருக்கும் கணக்கு நாளைக்கு அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அதனால் நிறுத்தவில்லை.